சூசை மேஸ்திரியின் சுத்தியலும் என் பல்லும்

போன மாதம் ஒரு பொம்மைக் கடையில் என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் பெரிய குற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ரயில் எஞ்சினைக் கடித்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டுப் பெண் தன் ஒன்றரை வயதுப் பையனுக்குப் பாட்டுப் பாடுகிற பொம்மை வாங்க என்னைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தாள். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் எஞ்சினை எடுத்து வைத்துப் பொத்தானை அமுக்கினார். அது நான்கு பாட்டுப் பாடியது. நான்கும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன், சாயத்தை நக்கினேன், சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன், கடைசியாகப் புகைபோக்கியைக் கடித்தேன். அது கழன்று என் வாய்க்குள் வந்துவிட்டது.

“இன்னா ஆயா, பசிச்சா பக்கத்துல ஓட்டலு கீது” என்றார் கடைக்காரர்.

நான் புகைபோக்கியை முந்தானையில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இத்த ஒரு கொழந்த முழுங்கிச்சின்னா இன்னா பண்ணுவ நைனா?” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம்.

வழியில் அந்தப் பெண், “பொம்மைய கடிச்சுப் பாக்கணும்னு உங்களுக்கு யாரு ஆயா சொன்னது?” என்று கேட்டாள். யார் சொல்ல வேண்டும்? அதுதானே என் உத்தியோகம். இருபத்தெட்டு வருடம் ராயபுரத்தில் பொம்மை கடித்தவள் நான். நடந்துகொண்டே அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவள் பாதியில் பஸ் ஏறிவிட்டதால் மீதியையும் எழுதுகிறேன்.

கல்மண்டபத்துக்குப் பின்னால், கூட்ஸ் லைன் சுவரை ஒட்டிய சந்தில் எங்கள் பட்டறை இருந்தது. முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். வண்ணாரப்பேட்டைக்காரர், நல்ல மனிதர், மொட்டைத் தலை. துறைமுகத்தில் சாமான் இறங்கிய பெட்டிகளின் பலகையை வாங்கிக் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவர், தனக்குப் பேரன் பிறந்ததும் கிலுகிலுப்பை கடைய ஆரம்பித்தார். அப்புறம் கட்டில் கால் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சேர்ந்தது பொம்மைகளைக் கட்டி அனுப்புகிற வேலைக்கு. சணலை அறுக்கக் கத்தி தேட மாட்டேன், பல்லால் கடித்துவிடுவேன். பாய் அதை ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வாரம்தான் ஒரு குழந்தை கடித்துக் கிலுகிலுப்பை பிளந்து, உள்ளே இருந்த விதையெல்லாம் கொட்டிவிட்டது என்று ஒரு கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது.

“லூர்தும்மா, கொழந்த கடிச்சா ஒடையுது. இனிமே நீ கடி. நீ கடிச்சு ஒடையாதது வெளிய போவட்டும்” என்றார்.

ஆறு மாதத்தில் தேவதாருப் பலகை நாக்கில் சிராய் ஏற்றும், பூவரசு ஏற்றாது என்று தெரிந்துகொண்டேன். படிப்பு அத்தோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய தோஸ்துகள், “உன் பொஞ்சாதி இன்னா வேல செய்றா?” என்று கேட்டால், “கடிக்கிறா” என்பார். கேட்டவர்கள் உடனே அவருடைய கையைப் பார்ப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சூசை மேஸ்திரி. ரயில்வேயில் சக்கரம் தட்டுகிற வேலை பார்த்தவர். வண்டி வந்து நின்றதும் நீளச் சுத்தியலோடு குனிந்து குனிந்து போய் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவார்கள். நல்ல சக்கரம் மணி போல் பேசும். விரிசல் விழுந்தது தகரம் போல் பேசும். சூசை மேஸ்திரியின் காது அவ்வளவு கூர்மை. ஆனால் முட்டி போய்விட்டது. குனிய முடியவில்லை என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “காது சோக்கா கீதுன்னு சொன்னேன்மே, கேக்கல. முட்டியப் பாத்து ஓரங்கட்டிட்டாங்க” என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

காது கூர்மையான மனிதனுக்குக் கிலுகிலுப்பைப் பட்டறையில் வேலை கிடைத்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க அவருக்குத் தலைவலிதான். அதனால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். ஒரு பொம்மையைப் பார்க்க வேண்டிய நேரம் வந்தால், முதலில் வலது காதுப் பஞ்சை எடுத்து உதறிச் சட்டைப் பையில் வைப்பார். பிறகு இடது காதுப் பஞ்சு. இடுப்பில் செருகியிருக்கும் விரல் நீளச் சுத்தியலை எடுப்பார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பொம்மையை மூன்று தட்டுத் தட்டுவார். நாங்கள் மூச்சு விடக் கூடாது. விட்டால் ஒரு கண் திறக்கும்.

பிறகு தீர்ப்பு. இரண்டே தீர்ப்புதான். “ஓடும்” என்றால் கடைக்குப் போகலாம். “ஓரங்கட்டு” என்றால் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு மூலையில் தள்ளிவிட வேண்டும். பாய் கெஞ்சினாலும் மாறாது. மனிதர்களுக்கும் அதே தீர்ப்புதான். என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையைக் கூட்டி வந்தபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓடும்” என்றார். அவன் இன்றுவரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

மேஸ்திரி தட்டிப் பார்த்ததற்குப் பிறகு என் முறை. கடிப்பேன். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வைப்பேன், குழந்தை எச்சிலில் ஊறாத பொம்மை உண்டா? இழுக்கிற கயிறு என் சாணுக்கு மேல் இருந்தால் அறுத்துவிடுவேன், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இடுப்பு உயரத்திலிருந்து கருங்கல்லில் மூன்று தடவை போடுவேன். கிலுகிலுப்பைக்குள் அழகாக இருக்கிறது என்று சிலர் குண்டுமணி போடுவார்கள், அது விஷம். நாங்கள் புளியங்கொட்டை தவிர வேறு எதையும் போட்டதில்லை.

தொண்டைக் குழாய் என்று ஒன்று இருந்தது. பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாய்த் துண்டு, என் இரண்டு விரல் உள்ளே போகிற அகலம். பொம்மையில் எந்தத் துண்டு அதற்குள் நுழைந்தாலும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் நுழையும், அது கூடாது. இந்தக் குழாய் வந்ததற்குக் காரணம் பாய்தான். வாத்து மாதிரி ஒரு ஊதல் செய்திருந்தோம். பெரிய கடைக்காரர் ஒருவர் வந்தபோது பாய் தானே எடுத்து ஊதிக் காட்டினார். இரண்டாவது ஊதலில் உள்ளே இருந்த தகட்டுத் துண்டு கழன்று, பாயின் முன்பல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. “வாங்க சார், உக்காருங்க சார்” என்று பாய் உபசரித்தார். ‘சார்’ வரும்போதெல்லாம் வாத்து கத்தியது. கடைக்காரர் மரியாதையாக இருந்து பார்த்தார், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி பஞ்சை எடுத்து, பாய் பேசுவதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஓரங்கட்டு” என்றார். வாத்தையா பாயையா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பித்தளைக் குழாய் வந்தது.

இப்படி எத்தனையோ பொம்மை பார்த்தோம். ஆனால் என்னை ஆட்டி வைத்தது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. சந்து முனையில் ஒரு அலறல் கேட்டது. கூட்ஸ் வண்டியின் ஊதலை அமுக்கிக்கொண்டு அது வந்தது. மேஸ்திரி அவசரமாக இன்னும் கொஞ்சம் பஞ்சு திணித்தார். இடுப்பில் பையனோடு மரகதம் வந்து நின்றாள். முன்பு எங்கள் சந்துக்கு எதிர்ச் சுவர் ஓரம் குடியிருந்தவள். புருஷனுக்கு உப்பளத்தில் வேலை கிடைத்து, இரண்டு மாதம் முன்பு காத்திவாக்கத்துக்குப் போயிருந்தார்கள். பையன் பெயர் துரை. இரண்டு வயது முடிய ஒரு மாதம் இருந்தது.

“அங்க போனதுலேர்ந்து இப்பிடித்தாங்க்கா கத்திகினே கீறான். வைத்தியரு பாத்துட்டாரு, ஒடம்புக்கு ஒண்ணியும் இல்லன்றாரு. இங்க இருந்தப்போ வண்டி சத்தத்துல கம்முனு கெடப்பான். அங்க ஒரு சத்தமும் இல்ல, இவன் சத்தம்தான்” என்று சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

விஷயம் அதோடு போகவில்லை. அவர்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டின் சொந்தக்காரி கன்னியம்மாவின் புருஷனும் மூன்று மகன்களும் விடியுமுன் கட்டுமரம் தள்ளிப் போய், பகலில் திரும்பி வந்து தூங்குகிறவர்கள். குப்பமே அப்படித்தான். பகலெல்லாம் துரை கத்தினால் அவர்கள் எப்படித் தூங்குவார்கள்? தூங்காமல் எப்படிக் கடலுக்குப் போவார்கள்? கன்னியம்மா கெடு வைத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கெழமக்குள்ள புள்ள வாய மூடலன்னா வூட்ட காலி பண்ணுன்றாங்க. வேற வூடு அங்க எவன் குடுப்பான்? இவன் கத்துறது ஊருக்கே தெரியும். அவருக்கு இப்பத்தான்க்கா நெலயா ஒரு வேல கெடச்சிக்கீது.”

சத்தம் கேட்டால்தான் அடங்குகிற பிள்ளை, ஆனால் தூங்குகிற மீனவர்களை எழுப்பாத பொம்மை. இப்படி ஒரு சிக்கல் எங்களுக்கு வந்ததே இல்லை.

முதலில் கையில் இருந்ததையெல்லாம் காட்டினோம். கிலுகிலுப்பையைத் துரை வீசினான். அது பாயின் டீ கிளாஸுக்குள் விழுந்தது. மணி வைத்த வண்டியைக் கொடுத்தோம். அதைக் கடித்தான். கடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது, நல்ல அழுத்தம், ஆனால் அழுகை நிற்கவில்லை. டமாரத்தைத் தட்டினோம். தாளம் தப்பாமல் கூடவே அழுதான். கடைசியில் பாய் தானே ஒரு பாட்டு எடுத்துவிட்டார். துரை திகைத்துப் போய் ஒரு நிமிடம் அடங்கினான். அப்புறம் அழுதது முன்பைவிட அதிகம்.

“இதுக்கு வேகன் சத்தம் வோணும். பொறந்ததுலேர்ந்து அத்த கேட்டு வளந்த காது” என்றார் மேஸ்திரி. எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வேகன் பெட்டி செய்தோம். பூவரசு மரம், ஆணி இல்லாமல் மரக் குச்சியால் பூட்டியது. இழுத்தால் உள்ளே கட்டைகள் ஒன்றோடு ஒன்று மோதி, இரண்டு வேகனைக் கொக்கி போட்டுச் சேர்க்கிற சத்தம் அப்படியே வந்தது. ஆட்டம் இல்லாமல் ஓட சக்கரத்தின் நடுவில் இரும்பு அச்சு வைத்தோம். கடித்தேன், ஊற வைத்தேன், கல்லில் போட்டேன். எல்லாவற்றிலும் தேறியது. பக்கத்து லைனில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி பஞ்சை எடுத்துக் கேட்டுவிட்டு, “ஓடும். சத்தம்கூட மெல்லமாத்தான் கீது” என்றார். எனக்கும் மெதுவாகத்தான் கேட்டது. பாய்க்குச் சரியாகக் கேட்கவே இல்லை.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். சத்தத்துக்குள்ளேயே பிறந்து சத்தத்துக்குள்ளேயே சோறு தின்றவர்கள். மெதுவான சத்தம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் நானும் மேஸ்திரியும் எண்ணூரில் ரயில் இறங்கி, மணலில் நடந்து காத்திவாக்கம் போனோம். மணலில் அவருக்கு முட்டி வலிக்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார். குப்பத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வலை காய்ந்துகொண்டிருந்தது. துரை அழுகிற சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தோம். மரகதம் ஆவலாக வெளியே வந்தாள். நான் பெட்டியைக் கீழே வைத்து, கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

மாதாவே! அந்த அமைதியில் அது இடி விழுந்த மாதிரி கேட்டது. ஒரு வீட்டிலிருந்து துடுப்போடு ஒருவர் ஓடி வந்தார். இன்னொருவர் லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு எதையும் பிடிக்க முடியாமல் வந்தார். நாய்கள் குரைத்தன. துரை பயந்துபோய், அதுவரை மிச்சம் வைத்திருந்த குரலையும் எடுத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வந்தாள். என்னைவிட ஒரு முழம் உயரம்.

“ஏம்மே, நீங்க புள்ளய அடக்க வந்தீங்களா, ஊர எழுப்ப வந்தீங்களா? ஞாயித்துக்கெழமன்னு சொன்னது தப்பு. இன்னிக்கே பொட்டி கட்டச் சொல்லு!”

மரகதத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மேஸ்திரி ஓரமாகக் கிடந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்தார். எங்கோ ஏதோ தளர்ந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு சத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்துச் சக்கரத்தின் இரும்பு அச்சைத் தட்டினார்.

டிண்.

துரை அழுகையை நிறுத்தினான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் குப்பத்தில் கடல் சத்தம் கேட்டது. மேஸ்திரி மறுபடி தட்டினார். டிண். டிண். துரை அம்மா இடுப்பிலிருந்து இறங்கி, மணலில் தத்தித் தத்தி வந்து அவர் முன்னால் நின்று சிரித்தான். முன்னால் நான்கு பல் தெரிந்தன. நல்ல பல்.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, இத்த மறந்தே பூட்டனே! தெனமும் காலையில நம்ம வூட்டுக்குப் பின்னாடி சக்கரம் தட்டுவாங்கல்ல, அதுக்குத்தான் இவன் முழிப்பான். அந்த சத்தத்த கேட்டுத்தான் பாலே குடிப்பான்!”

மேஸ்திரி தட்டுவதை நிறுத்தினார். துரை அழுதான். தட்டினார். நிறுத்தினான். கன்னியம்மா இதை நான்கு தடவை பார்த்துவிட்டு, “அப்போ சரி, அந்த ஆள இங்கயே வுட்டுட்டுப் போ” என்றாள்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்ததுபோல்தான் எனக்குப் பட்டது. பிறகு நான் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை கெடுவைத் திரும்ப வாங்கினேன்.

சுத்தியல்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை கையில் சுத்தியலைக் கொடுக்கலாமா? பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லாத பொம்மை செய்கிறோம் என்று பெயர் வாங்கிவிட்டு, ஆயுதம் செய்து அனுப்புவதா? வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை.

சுத்தியலைத் தலை, பிடி இரண்டும் ஒரே பூவரசுத் துண்டில் கடைந்தோம், கழன்று வர வழியே இல்லை. தலை எலுமிச்சம்பழம் அளவு உருண்டை. பிடி துரையின் உள்ளங்கைக்குச் சரி, வாய்க்குள் விட்டால் தொண்டைவரை போகாத நீளம். தட்டுவதற்கு ஒரு மரக்கட்டை, அதில் மூன்று இரும்பு வட்டம். எதுவும் தொண்டைக் குழாயில் நுழையாது. பின்னால் கம்பளித் துண்டு வைத்துக் கட்டைக்குள் பதித்தோம். மேஸ்திரி ஒவ்வொரு வட்டத்தையும் அரத்தால் தேய்த்து, தட்டி, தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொண்டுவந்தார். மூன்றாவதை மட்டும் வேண்டுமென்றே கீறி, மொத்தென்று பேச வைத்தார்.

“இது ஏன் மேஸ்திரி இப்பிடி?” என்றேன்.

“விரிசல் வுட்டா எப்பிடி பேசும்னு அதுக்குத் தெரிய வோணாவா? சும்மா தட்டிகினு இருந்தா அது வேலையா?” என்றார்.

புதிதாக இரண்டு சோதனை சேர்ந்தது. ஒன்று, மண்டைச் சோதனை. அந்தச் சுத்தியலால் பெரிய ஆள் தலையில் பத்து அடி அடிக்க வேண்டும், வீங்கக் கூடாது. வீங்கினால் தெரிய வேண்டும் என்பதற்காக மொட்டைத் தலை தேவைப்பட்டது. பாய் தானே வந்து உட்கார்ந்தார். அடித்தது நான். எந்த வேலைக்காரிக்கு முதலாளி தலையில் பத்து அடி அடிக்கிற பாக்கியம் கிடைக்கும்? எட்டாவது அடியில் மேஸ்திரி, “எண்ணிக்க தப்பிச்சு, மொதல்லேர்ந்து” என்றார். பாய் தலை வீங்கவில்லை.

இரண்டாவது, தூக்கச் சோதனை. இந்தத் தடவை பட்டறையை நம்பவில்லை. வண்ணாரப்பேட்டையில் பாய் வீட்டு உள்ளறை, வண்டிச் சத்தம் எட்டாத இடம். மதியச் சாப்பாடு முடிந்து பாய் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினோம். முதல் தடவை எழுந்துவிட்டார். கம்பளியை இரண்டு மடிப்பாக்கினோம். மறுபடி படுத்தார். டிண், டிண், மொத். குறட்டை நிற்கவில்லை. மேஸ்திரி பொம்மையைப் பார்த்து, “ஓடும்” என்றார். வெளியே வந்தோம். பாய் மாலை வரை தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கிளம்பினோம். பூசையில் நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நாங்கள் போனபோது மரகதம் நிஜமாகவே பெட்டி கட்டி வைத்திருந்தாள். கன்னியம்மா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே ஆண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். துரை கத்திக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி மணலில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்துப் பையில் வைத்து, மூன்று வட்டத்தையும் தட்டிக் காட்டினார். முதல் இரண்டுக்கும் “ஓடும், ஓடும்” என்றார். மூன்றாவதுக்கு முகத்தைச் சுளித்து “ஓரங்கட்டு” என்றார். சுத்தியலைத் துரை கையில் கொடுத்தார். துரை அதை முதலில் கடித்தான். முறை தெரிந்த பிள்ளை. பிறகு தட்டினான். டிண். டிண். மொத். மூன்றாவதுக்கு அவன் முகமும் சுளித்தது. மறுபடி தட்டினான். மறுபடி சுளித்தான். அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

கால் மணி நேரம். உள்ளே ஒரு குறட்டைகூட நிற்கவில்லை. கன்னியம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். துரை எழுந்து வேலையை ஆரம்பித்தான். கதவைத் தட்டினான். துடுப்பைத் தட்டினான். கட்டுமரத்தைத் தட்டினான். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கேட்டான். கன்னியம்மா வாசலில் இருந்த புதுப் பானையைத் தட்டினான். மொத்.

துரை முகத்தைச் சுளித்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி, “ஓரங்கட்டு” என்றார்.

“இன்னாது? நேத்து வாங்கின பான அது!” என்று கன்னியம்மா பாய்ந்தாள். நான் ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினேன். அடியில் மணல் மெல்ல நனைந்தது. கன்னியம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து துரையைப் பார்த்தாள்.

“நான் தட்டித்தான் பாத்து வாங்கினேன். இவன் கத்தின கத்துல பான பேசுனது எங்க கேட்டுச்சு?” என்று ஆரம்பித்தவளுக்குத் தான் சொன்னதைக் கேட்டே சிரிப்பு வந்துவிட்டது. தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு துரையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“பானக்காரன் நாளைக்கு வருவான். இவன தூக்கினு போய் அவன் வண்டிய மொத்தமும் தட்ட வுடுறேன். நீ ஏன்மே பொட்டி கட்டி வெச்சிக்கினு கீற? பிரி, பிரி” என்றாள் மரகதத்தைப் பார்த்து. மரகதம் அழுதாள். நானும்தான். ஒரு பொம்மைக்காக நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாங்கள் கிளம்பும் நேரம். மேஸ்திரி எழுவதற்காக என் தோளைத் தேடினார். அதற்குள் துரை இடுப்பிலிருந்து இறங்கி அவரிடம் வந்தான். எல்லாவற்றையும் தட்டியாயிற்று, இவர்தான் பாக்கி. அவருடைய இடது முட்டியைத் தட்டினான். தலையைச் சாய்த்தான். கண்ணை மூடினான். வலது முட்டியைத் தட்டினான். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

“ஓடும்” என்றான்.

மேஸ்திரி மணலில் கையை ஊன்றினார். பிறகு என் தோளைப் பிடிக்காமல் எழுந்தார். வலித்திருக்கும், வலிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் எண்ணூர் ஸ்டேஷன்வரை அந்த மணலில் எனக்கு முன்னால் நடந்தார். வழியெல்லாம் திரும்பித் திரும்பி, “கேட்டியாமே லூர்து? ஓடும்னுச்சு” என்றார். ஒவ்வொரு தடவையும், “கேட்டேன் மேஸ்திரி” என்றேன். ரயில் வந்து, ஏறி, ராயபுரத்துச் சத்தமெல்லாம் எதிரே வந்து சூழ்ந்துகொண்ட பிறகும் அவருடைய பஞ்சு இரண்டும் சட்டைப் பையிலேயே கிடந்தன.